ஊதாத் தட்டு

ருவியில் பாவுட்டியின் ஜூஸ் கடையில்
செப்டம்பர் முழுக்க மாதுளை.
ஜபல் அக்தர் மலைச் சரக்கு, தடித்த தோல்.
முத்து அவருக்கு, தோல் எனக்கு.
"சாயம் காய்ச்சவா, பல்பொடிக்கா?" என்றார் முதல் நாள்.
பல்பொடி என்றேன்.
இரண்டாவது வருடமாக ஓடுகிறது அந்தப் பொய்.
போன வாரம் ஒரு டப்பா கேட்டார்,
மனைவிக்கு ஈறு வலியாம்.

அம்மாவிடம் சொல்லியிருப்பது: செடி ஆராய்ச்சி.
விண்ணப்பத்தில் எழுதியது பதினேழு சொல்லில் ஒரு தலைப்பு.
அதைத் தமிழில் சொல்லப் போனால்
நடுவில் ஒரு சொல்லுக்கு
என் தொண்டை தானாக இருமும்.

அக்கி என்றால் ஊரில் புரியும்.
குயவர் காவி குழைத்து முதுகில் சிங்கம் வரைவார்,
மூன்று நாளில் இறங்கும் என்பார்கள்.
என் தட்டில் இருப்பது அதற்கு ஒன்றுவிட்ட உறவு.
முதுகில் வராது.
வந்த இடத்தைக் குயவரிடம் காட்டவும் முடியாது.

தட்டின் அடியில் செல்களைப் பாய் விரிக்கிறேன்,
ஏதோ ஒரு குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வழிவழியாய் வந்தவை.
வைரஸ் விட்டு, தோல் சாறு விட்டு,
மூன்று நாள் கழித்து ஊதாச் சாயம்.
உயிருள்ளது ஊதா.
செத்த இடம் வெள்ளைப் புள்ளி.
புள்ளியை எண்ணத்தான் எனக்குச் சம்பளம்.
சாறு இல்லாமல் எழுபத்து நான்கு.
கொஞ்சம் விட்டால் முப்பத்தொன்று.
இன்னும் கொஞ்சம், ஆறு.
அதற்கு மேல் ஒன்றுமே இல்லை.
முதல் தடவை அந்த ஒன்றுமில்லையைப் பார்த்து
பேராசிரியர் ஜலீலாவைத் தூக்கத்தில் எழுப்பினேன்.
அடுத்த கிண்ணத்தைப் பார்த்தாயா என்றார்.
அதில் சாறு மிஞ்சிப் போய்
பாயே சுருண்டு வெளுத்துக் கிடந்தது.
துவர்ப்புக்கு ஆள் தெரியாது.

மூட்டையை மூன்றாம் மாடி ஏற்றித் தருவான் சன்னாசி,
கமுதிக்காரன், துப்புரவுக் கம்பெனி.
அவன் போடும் முடிச்சு ஒரு இழுப்பில் அவிழும்.
விசா புதுப்பிக்க ரத்தம் கொடுத்தான்.
மறுபடி கூப்பிட்டார்கள்.
மூன்றாவது தடவை கூப்பிட்டது கம்பெனி.
வியாழக்கிழமை டிக்கெட்.

"மேடம், இந்தச் சாறு ஒரு கிளாஸ்."

இல்லை என்றேன்.
இது வேறு வைரஸ்,
தட்டில் நிற்பது உடம்பில் நிற்காது,
உள்ளே போனதை வெளியே இழுக்காது.
ஒரு இல்லைக்கு இத்தனை காரணமா என்பதுபோல
துடைப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
அப்புறம் கேட்டான்,
"வீட்ல அவளுக்கு?"

பதினேழு சொல்லும் ஒரே நாற்காலியில்
வந்து உட்கார்ந்தன.
அவளுக்காகத்தான் அப்பா இது.
யாரிடமும் கேட்காமல், விளக்கைப் போடாமல்
ஒரு பெண் தானே தடவிக்கொள்ள ஒரு களிம்பு.
பத்து வருடம் ஆகலாம். ஆகாமலும் போகலாம்.
வியாழக்கிழமைக்கு ஆகாது.

கையில் இருந்ததைச் சொன்னேன், இருமாமல்.
ஆணுறை.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி, மாத்திரைக்குக் காசில்லை,
ஒரு நாளும் விடாதே,
விடாமல் தின்று ரத்தத்தில் அடங்கிவிட்டால்
அவளுக்கும் அதுவே காவல்.
அதுவரைக்கும் உறை.
எல்லாவற்றுக்கும் முன்னால் அவளிடம் சொல்.

கடைசி வரிக்குத் தலையை ஆட்டினான்.
நம் தலையாட்டல் இந்த ஊரில் யாருக்கும் புரியாது.
அன்று எனக்கும்.

தை மாதம் ஒரு போட்டோ அனுப்பினான்:
புதிதாய்ப் போட்ட ஆட்டுக்கொட்டகை,
ஓரத்தில் ஒரு பெண்ணின் முழங்கை, கண்ணாடி வளையல் நாலு.
அவளுக்கு டெஸ்ட் எடுத்தாயா என்று அடித்தேன்.
அழித்தேன்.
நல்ல கொட்டகை என்று அனுப்பினேன்.

மூட்டை இப்போது வேறு முடிச்சில் வருகிறது,
கத்தரிக்கோல் வேண்டியிருக்கிறது.
இன்றைய தட்டில் பதினொன்று.
இரண்டு தரம் எண்ணிவிட்டேன்.