சாட்சிப் பிரதி

தபசிமுத்து எழுதியதையெல்லாம்
பயந்து அடுப்பில் வைத்துவிட்டது வீடு.
மிஞ்சியது இதுதான்:
குழித்துறைச் சந்தையில் அவர் சொல்லச் சொல்ல
போலீஸ் ரைட்டர் பப்பு பிள்ளை
மலையாள எழுத்தில் பிடித்துவைத்த தமிழ்.

தக்கலையில் என் டி.டி.பி. கடை.
கரண்ட் போவதற்குள் ஒரு பாட்டையாவது
தமிழுக்குத் திருப்பிவிட வேண்டும்.

வெள்ளைக்காரனை ஏசும் வரிகளுக்கு அடியில்
சிவப்பு மை.
மரச்சீனி விலை சொல்லும் வரியில்
கோடு இல்லை. அங்கேதான்
கூட்டம் கைதட்டியதாகக் குறிப்பு.

கடைசிப் பாட்டு
பாதியில் நிற்கிறது:
'கருமணல் அள்ளும் துரையே,
போகும்போது எங்கள்'
பிறகு, பிள்ளையின் கையெழுத்தில்,
மீன்காரி கூவியதால் கேட்கவில்லை.

எத்தனையோ சொல் பொருந்துகிறது.
ஒன்றையும் அடிக்கவில்லை.
மீன்காரியையும் சேர்த்தே அச்சுக்கு அனுப்புகிறேன்.
என்ன மீன் என்று
பிள்ளை எழுதியிருக்கலாம்.