கட்டபெட்டு வளைவு

எங்கள் லைன் வீடுகளில் சிக்னல் நிற்காது.
கட்டபெட்டு வளைவில், தகரம் போட்ட பஸ் ஸ்டாப்பில்
ஒரு காலைத் தூக்கி மதகுச் சுவரில் வைத்து நின்றால்
இரண்டு கோடு.
ஜெசிந்தா குடை பிடித்தாள்.

சென்னைக்காரர்கள் ஸ்டுடியோவைச் சொன்னார்கள்:
நாலு கேமரா, பச்சைத் திரை.
கட்டணம், அம்மாவின் பதினோரு மாதக் கொழுந்து.
கோவையில் ஒரு வீணை
ஒன்பது நிமிடம் வாசித்துவிட்டுக் கட் ஆனது.

மண் சரிந்த வருடம்
எங்கள் லைனுக்கு மைக்கோடு ஒருவர் வந்தார்.
வாய்க்காலை அடைத்துச் சுவர் எழுப்பியது யாரென்று
அம்மா நிதானமாகச் சொன்னாள்.
‘அழுதுகிட்டே ஒருக்கா சொல்லுங்களேன்’ என்றார்.
டி.வி.யில் நாலு விநாடி வந்தாள்.
வாய் அசைந்தது, சத்தம் வேறு யாருடையதோ.
கீழே: ரமணி, வயது 55.
ராமாயிக்கு அப்போது முப்பத்தெட்டு.

மூன்றாவது, திருச்சி.
ஆபீஸ் சாப்பிடப் போயிருக்க
ஒலிப்பதிவு அறையிலிருந்து யாரோ எடுத்தார்.
கோர்ஸ் பெயரைச் சொல்லி முடிக்கவில்லை,
‘இருங்க, இருங்க... மழையா?
குடை மேலயா, தகரத்து மேலயா?’
‘ரெண்டு மேலயும்.’
‘அதான்’ என்றார்.
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

ஹாஸ்டல் கேட்கவில்லை, கடைசித் தேதி கேட்கவில்லை,
வேலை கிடைக்குமா, அதையும் கேட்கவில்லை என்று
வழியெல்லாம் திட்டினாள் ஜெசிந்தா.
அங்கே அப்படி என்ன இருக்கிறது என்பார் அப்பா.
பாதி மேடு ஏறியும் பதில் வரவில்லை.
விண்ணப்பத்துக்கு எடுத்து வைத்த முந்நூறு
நனையாமல் இருக்கிறதா என்று
பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.