எத்தனை இஞ்ச் தண்ணி

காங்கயத்தில், தேங்காய்க் களத்தை ஒட்டி எங்கள் ஆபீஸ்.
மிலானிலிருந்து வந்த அறிக்கை நாற்பத்தொரு பக்கம்,
ஃபேன் காற்றில் பறக்காமலிருக்க
அதன் மேலேயே அந்தப் பச்சைக்கல்.
கடன் கொடுக்கும் வங்கிக்கு இங்கிலீஷில் வேண்டுமாம்,
வெள்ளிக்குள்.

திருப்பூர் தீபன்ராஜுக்கு இத்தாலியன் வரும் என்றார்கள்.
வந்தது:
பித்தான், ஜிப்பு, சாயம் போகிறது, சரக்கு எங்கே.
மூன்றாம் வரியில்
"இது நம்ம லைன் இல்லீங்க" என்று வைத்துவிட்டான்.

கோவைக்காரர்கள் வார்த்தைக்கு இரண்டரை ரூபாய் வாங்கி
ஒரே ராத்திரியில் அனுப்பினார்கள்.
காலையில் வங்கி மேனேஜர் போன்:
"ஏனுங்க, பன்னெண்டு மீட்டர் ஆழத்துல என்ன வெள்ளாமை?
கல்லுக்குள்ள தோட்டம்னு போட்டிருக்குது,
கங்காவை வெளியே கொட்டச் சொல்லுது.
தண்ணி முதல் தரம்ங்கறாங்க, சரி,
போர்ல எத்தனை இஞ்ச் வருதுங்க?"

ஆயிரத்து இருநூறு அடியில் புகை மட்டும் கண்ட ஊர்.
நான் பதில் சொல்லவில்லை.

கருமத்தம்பட்டியிலிருந்து சிஸ்டர் அமலோற்பவம் பஸ்ஸில் வந்தார்.
இருபத்தாறு வருஷம் வெரோனா ஆஸ்பத்திரியில் நர்ஸ்.
'வேனா' என்று வாசித்து
என் முழங்கையின் உள்பக்கம் விரலால் தட்டிக் காட்டினார்,
ஊசி குத்தும் இடம்.
பாறைக்கும் அது உண்டென்று நான் சொல்ல வேண்டியிருந்தது.
'அக்குவா' வந்தது. தண்ணீர்தான், வேறென்ன, என்றார்.

பட்டறை வாசலில் ஜெயசுதா,
கை முழுக்கச் சாணைச்சேறு.
கல்லை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே திருப்பினாள்.
"நீரோட்டம்ங்க."
தோட்டம்?
"உள்ளே பாசி படர்ந்தாப்ல இருக்குதுல்ல, அது.
எங்களுக்கு அது குத்தம். அவிகளுக்குத் தோட்டமாக்கும்."
கங்கா?
"கல்லை உடைச்சு எடுத்தா மிச்சம் கிடக்குமே, சக்கை."
வெள்ளாமை என்றதும் சிரித்தாள்:
"தோண்டறதைச் சொல்றாங்க. நாமளும் இப்ப அதைத்தானே பண்றோம்,
கடலைக்காடெல்லாம் குழி."

சிஸ்டர் தலையாட்டத் தலையாட்ட
நான் தட்டச்சினேன். வியாழன் இரவு பதினொன்றரை.

கடைசிப் பக்கத்தில்
மொழிபெயர்த்தவர் கையொப்பத்துக்கு ஒரே ஒரு கோடு.
சிஸ்டர் போட்டார்.

பொங்கியண்ணன் கணக்கு நோட்டைத் திறந்தார்.
சிஸ்டருக்கு ஒரு கவர். பஸ் காசு தனி.
"அந்தப் புள்ளை எத்தனை வார்த்தை சொல்லுச்சு?
நாலா? நாலு ரெண்டரை பத்து."
தமாஷாகத்தான் சொன்னார்.
எழுதியும் கொண்டார்.

பட்டறையில் சக்கரம் ஓட ஆரம்பித்திருந்தது.
அதன்மேல் சொட்டுச் சொட்டாக
கேனில் விலைக்கு வாங்கிய தண்ணீர்.