பச்சைக்கல்

படிவத்தில் பதினோரு கட்டங்கள்.
ஏழாவது கட்டம் கேட்டது:
சூரிய சக்தியில் முன் அனுபவம் உண்டா?

கோட்டீஸ்வரி 'இல்லை' என்று எழுதிவிட்டு
என் தாளை எட்டிப் பார்த்தாள்.
நான் 'எட்டு வருடம்' என்று எழுதியிருந்தேன்.
'ஏய், அடிச்சிடுடி. மேடம் திட்டுவாங்க.'

அடிக்கவில்லை.
மூன்றாம் வகுப்புப் பொங்கல் லீவிலிருந்து
ஊத்துக்கோட்டைக்கு வெளியே, ஆரணி ஆற்றோரக் களத்தில்
ஈரக் கல்லை வெயிலுக்குத் திருப்பி வைக்கிறேன்.
முதல் நாள் படுத்திருக்கும்.
மறுநாள் ஒருக்களிக்கும்.
மூன்றாம் நாள் நிற்கும்.
அவசரமாகக் காய்ந்தது விரியும் என்பதும்
ஒரு மேகத்துக்கு எத்தனை கல் போகும் என்பதும்
எனக்குப் பாடம் இல்லை, கூலி.
சுடாத கல்லுக்கு எங்களிடம் பெயர் பச்சைக்கல்.
பார்த்தால் சாம்பல் நிறம்.

ரெஜினா மேடம் சத்தியவேட்டிலிருந்து
வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் வருவார்.
தெலுங்கில் எண்ணித் தமிழில் எழுதுவார்.
'வர்ற பத்து வருஷத்துல
பசுமை வேலைதான் எல்லாமே' என்ற அன்று
பாலய்யா எழுந்து கேட்டான்:
'உங்க வேலை பர்மனென்ட்டா மேடம்?'
வகுப்பு சிரித்தது.
அவரும்தான், கொஞ்சம் பிந்தி.

பள்ளி மாடியில் ஆறு பேனல்.
பக்கத்துச் சுவரில் நீலப் பெயின்ட்டில்
'உபயம்: எம்.கே. செங்கல் சூளை.'
அந்த இரண்டு எழுத்தும்
இடவலம் மாறித்தான் எனக்குப் பழக்கம்.
அச்சில் அப்படித்தான் இருக்கும்.

செய்முறை மூன்று: இழப்பைக் கண்டுபிடி.
ஆயிரத்து நானூறு வாட் வர வேண்டிய உச்சி வெயிலில்
மீட்டர் ஆயிரத்து எழுபதில் நின்றது.
பாலய்யா ஒயரைச் சந்தேகப்பட்டான்,
கோட்டீஸ்வரி வேப்பமரத்தை.
நான் வாளியைத் தூக்கினேன்.
'சூட்டுல பச்சைத் தண்ணி ஊத்தாதே' என்று கத்தினார் மேடம்,
'கண்ணாடி விரிஞ்சிடும்.'
தெரிந்திருக்க வேண்டும் எனக்கு.
வெந்த கல்லும் அப்படித்தானே.

மறுநாள் ஆறு மணிக்கே ஏறினோம்.
துணியில் வந்தது ரோட்டுப் புழுதி இல்லை.
பிசுக்குள்ள கருப்பு.
அம்மா சேலையைத் துவைக்கையில்
மூன்றாம் அலசலிலும் இறங்குமே, அந்தக் கருப்பு.
முந்திரி ஓடு போட்டு எரித்தால் மட்டும் வருவது.

மதியம் மீட்டர் ஆயிரத்து முந்நூற்று அறுபது.
பாலய்யா விசிலடித்தான்.

பதிவேட்டில் தேதி எழுதினேன். அளவு எழுதினேன்.
இழப்பைக் கழித்து எழுதினேன்.
'காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றது.
மாதக் கடைசியில் நகல் ஒன்று
எம்.கே. ஆபீஸுக்குப் போகும், உபயதாரர் என்பதால்.
ஐப்பசியில் அப்பா வாங்கிய முன்பணம் நாற்பதாயிரமும்
அதே ஆபீஸில், வேறொரு நோட்டில்,
கல் கல்லாகக் கழிந்துகொண்டிருக்கிறது.

'தூசின்னு எழுதினாலே மார்க் உண்டு' என்றார் மேடம்
ஜன்னலைப் பார்த்தபடி.

தூசி என்று எழுதினேன்.
கட்டத்தில் இன்னும் இடம் இருந்தது.
முந்திரி ஓட்டுக் கரி, என்று சேர்த்தேன்.
வடகிழக்குக் காற்று அடிக்கும் நாட்களில் அதிகம், என்று
இன்னும் சின்ன எழுத்தில்.
வடகிழக்கில் எத்தனை சூளை என்று
யாரும் கேட்கவில்லை.
ஒன்றுதான்.

மேடம் படித்தார். கையெழுத்துப் போட்டார்.
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று
குடையை மறந்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் படிவங்கள் திரும்பி வந்தன.
என் ஏழாவது கட்டத்தில் சிவப்பு மை இல்லை.
'எட்டு வருடம்' அப்படியே இருந்தது.
ஓரத்தில் பென்சிலால்,
விவரம் எழுதவும்.

கோட்டீஸ்வரி தன் தாளை வாங்கி
'இல்லை'யை அடித்துவிட்டு
விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.