ஏழாவது போல்ட்

முதலில் பாட்டரியின் கறுப்பு வயர்.
பிறகு சிவப்பு.
கிளச்சுக் குழாய், பிரேக் குழாய்,
சொட்டுவதைப் பிடிக்கப் பால்டின் தகரம்,
ஸ்பீடோமீட்டர் கேபிள், ஸ்டியரிங் தண்டின் மூட்டு.
கியர்க் கம்பைத் திருகி எடுத்து
மடியில் வைத்துக்கொண்டேன்.
ஹீட்டர் ஹோஸ் இரண்டு:
எந்த ஜப்பான்காரன் குளிருக்குப் பயந்து வைத்ததோ,
மோல்மீனில் ஒருநாளும் போட்டதில்லை.
போட்டால் ஆள் புழுங்கலரிசி.

வயர் ஒவ்வொன்றுக்கும் காகித டேப் ஒட்டிப்
பெயர் எழுதினேன், தமிழில்.
பக்கத்தில் நாய் அவுங் படிப்பதற்குப்
பர்மிய எழுத்தில், வட்டம் வட்டமாக.
நாய் என்றால் மோன் பேச்சில் திருவாளர்.
வேலைக்கு வந்த முதல் வாரம்
அவனைக் கூப்பிட எனக்கு நா கூசியது.
இப்போது தெருநாயைத்தான்
வேறு பேர் சொல்லி விரட்டுகிறேன்.

போல்ட் எட்டு.
ராத்திரி முழுக்க டீசலில் ஊறியதில்
ஆறு நல்ல பிள்ளைகளாகக் கழன்றன.
ஏழாவது சுற்றியது.
சுற்றிக்கொண்டே இருந்தது.
உள்ளே கவ்விய நட்டும் சேர்ந்து சுற்றியது.

"எட்டு வருஷம் க்யைக்கமியிலிருந்து
ஙப்பி ஏற்றினேன்" என்றாள் டோ சான் யீ,
ஸ்டூலில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தபடி.
மீன் உப்பு ஒழுகி ஒழுகி
சேசிஸ் பாதி பொட்டு.
உப்பிட்டவளை உள்ளளவும் நினைக்கிறது நட்டு.

கிரைண்டரை எடுத்தேன், கரண்டு போனது.
ரம்பத்தால் அறுத்தேன், ஒரு மணி நேரம்.
எட்டாவது, தொட்டதும் உதிர்ந்தது.

பலாமரக் கிளையில் செயின் பிளாக்.
சங்கிலியில் நாய் அவுங்.
மூலை பிடிக்க நான், டயர் ஒட்டும் கரீம், அவன் மச்சான்.
நாலாவது மூலைக்கு ஆளில்லை, கயிறு.
இழு என்றேன் நான், ஸ்வே என்றான் கரீம்,
சங்கிலி பல் பல்லாக ஏற
கேபின் எழுந்தது, நின்றுவிட்டது.
மறந்துபோன வயர் ஒன்று.
எல்லா வண்டியிலும் ஒன்று இருக்கும்,
நெருப்புச் சுவருக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்,
விடமாட்டேன் என்று.
வெட்டினேன்.
கண்ணாடியில் தொங்கிய காய்ந்த மல்லிகைச் சரம்
ஊஞ்சலாடிக்கொண்டே போனது மேலே.

கீழே மிச்சமிருந்தது வண்டி:
நாலு சக்கரம், ஒரு எஞ்சின், எலித்தாள் கிழிசல்கள்,
யாரோ தொலைத்த ஐம்பது ச்சாட்.

வலது கட்டையில் கம்பி பிரஷ் போட்டபோது
எண் தெரிந்தது.
கேபின் தகட்டில் உள்ள எண் இல்லை.
மூன்றை எட்டாக்கியிருந்தார்கள், கை நடுங்கிய எட்டு.
கடைசி இரண்டையும் அரைத்துவிட்டு
மறுபடி குத்தியிருந்தார்கள்.

"என்ன?" என்றாள்.
அவளுக்குத் தெரியுமா தெரியாதா,
முகத்தின் முன்னால் புகை.

அம்மா கூப்பிட்டது ஐயாக்கண்ணு.
அட்டையில் மின் தூ.
எழுதிய குமாஸ்தா கேட்கவில்லை,
எனக்குப் பின்னால் வரிசை நீளம்.
இரண்டு பேருக்கும் திரும்பிப் பார்க்கிறேன்.

"துரு" என்றேன்.
"தகடு வைத்து வெல்டு அடிக்கணும்.
இங்கே ரெட் ஆக்சைடு போதும்."
இரண்டு பூச்சு.
பில்லில் ஒன்றுக்குத்தான் காசு எழுதினேன்.

காயுமுன் மழை.
மோல்மீன் மழைக்குத் தூறத் தெரியாது.
தார்ப்பாயைச் சேசிஸ் மேல் எறிந்துவிட்டு,
நாலு டயர் மேல் இறக்கிவைத்த கேபினுக்குள்
ஐந்து பேரும் ஏறிக் கதவைச் சாத்தினோம்.
காலடியில் ஓட்டை, ஓட்டைக்குக் கீழே ஓடும் தண்ணீர்.
எஞ்சின் பத்தடி தள்ளி.
டிரைவர் சீட்டில் டோ சான் யீ.
எதோடும் சேராத ஸ்டியரிங்கை
முடோன் வளைவில் ஒடிப்பதுபோல
இடது பக்கம் ஒடித்தாள்.

நாங்கள் நாலு பேரும்
வலது பக்கம் சாய்ந்தோம்.