நூற்று இருபத்தெட்டுக்கு அறுபத்து நான்கு

தபால்தலை அளவுதான்.
சுண்டுவிரல் நகம் பட்டாலே கண்ணாடி போய்விடுமோ என்று பயம்.
நான்கு கால்.
ஒன்றில் மின்சாரம், ஒன்று பூமிக்கு,
மீதி இரண்டும் பேச்சுக்கு.

பின்பக்கம் அச்சடித்திருந்த விலாசத்தில்
மூன்று ராத்திரி தட்டினேன். ஆள் இல்லை.
நாலாம் ராத்திரிதான் புரிந்தது,
அங்கே எழுதியிருப்பதில் பாதிதான்
நிஜமான கதவு எண் என்று.
எங்கள் வீட்டுக் கதையும் அதுதான்.
பொன்மனை என்று போட்டால்
கூரியர்காரன் குலசேகரத்திலேயே நின்று போன் அடிப்பான்:
"எக்கா, எறங்கி வாங்க. மேல வண்டி ஏறாது."

விழித்துக்கொண்டது.
நீல வெளிச்சத்தில் ஆங்கிலத்தில் ஒரு வணக்கம்.
ஜெஸ்டின் எட்டிப் பார்த்தான்.
"நான் என்ன வெள்ளக்காரனுக்கா பால் வெட்டப் போறேன்?"

அவன் கேட்டது ஒன்றே ஒன்று.
ராத்திரி மூணு மணிக்கு
நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு ரெண்டு மைல் மேடு ஏறி,
மரத்தைத் தொட்டு, பட்டை நனைந்திருக்க,
வெட்டுக்கத்தியை உறையிலிருந்து எடுக்காமலே
திரும்பி வரக்கூடாது.
எங்கள் ஓட்டில் சத்தம் கேட்காத மழை
தோட்டத்தில் பெய்யும்.
மழைப்பாவாடை கட்டித் தர
அடுத்த வருஷம் பார்ப்போம் என்கிறார் முதலாளி,
ஒவ்வொரு வருஷமும்.

ஆகவே பதினேழாம் வரிசை மூன்றாம் மரத்தில்
சிரட்டைக்குக் கீழே ரெண்டு செம்புக் கம்பி.
கடையில், செத்த செல்போன்களுக்கு நடுவே
கட்டம் போட்ட நோட்டு.
தமிழ் அந்தச் சில்லுக்குத் தெரியாது.
எந்தப் புள்ளி எரிய, எந்தப் புள்ளி அணைய,
ஒவ்வொன்றாய் நான்தான் சொல்ல வேண்டும்.

ர சுலபம். வாலை மட்டும் சறுக்கிவிட்டால் போதும்.
ம வளைந்து கொடுத்தது.
ஈ படுத்திய பாடு!
ரெண்டு புள்ளியை உள்ளே விட்டால் கால் ஒட்டிக்கொள்ளும்,
காலைப் பிரித்தால் புள்ளிக்கு இடமில்லை.
பதினாறு கட்டத்தில் முடியாமல்
பக்கத்திலிருந்து ஒரு கட்டம் கடன் வாங்கினேன்.
மெய்யெழுத்தின் தலைக்கு மட்டும்
யோசிக்கவே இல்லை.
ஒரு புள்ளி.
இந்த மொழிக்கு அந்த வேலை ஏற்கெனவே தெரியும்.

ஈரம்.

"இது நண்டா?" என்றான் ஜெஸ்டின்.
தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, உதடு அசைய வாசித்தான்.
பிறகு ஒன்றும் பேசாமல்
தலையணைக்கு நேரே சுவரில் ஆணி அடித்தான்.

இடவப்பாதி இழுத்துக்கொண்டே போனது.
மூணு மணிக்குக் கண் திறப்பான்.
சுவரில் நீலமாய்: ஈரம்.
திரும்பிப் படுப்பான்.
தூங்கவில்லை என்பது முதுகைப் பார்த்தாலே தெரியும்.
"நடை மிச்சம்தானே" என்பேன்.
"ஆமா. கூலியும் மிச்சம், மொதலாளிக்கு."

துலா மழையும் தீர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை
கழற்றித் தூசி துடைத்து,
பழுது உண்டா என்று பார்க்க
எல்லாப் புள்ளிகளையும் ஒன்றாக எரியவிட்டேன்.
நீலம் நிறைந்த அந்தச் சின்னச் சதுரத்தின் நடுவில்
நான் எழுதாமலே,
மங்கலாய், கொஞ்சம் இருட்டாய்,
ஈரம்.

அதிகம் எரிந்த புள்ளி முதலில் தேயும்.
படித்திருக்கிறேன்.
பகலிலாவது அணைந்திரு என்று
ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். மறந்துபோனேன்.
எண்பத்து மூன்று விடியலும்
ஒன்றின்மேல் ஒன்றாய் அங்கே படிந்து கிடந்தன.

"புதுசு எவ்வளவு?"
"இருநூத்தி நாப்பது."
விரல் மடக்கவில்லை அவன்.
மரத்துக்கு ரெண்டு ரூபாய்.
"நூத்தியிருவது மரம்" என்றான். கொஞ்சம் கழித்து,
"கெடக்கட்டும். வாசிக்க முடியுதுல்லா."

இன்று பட்டை காய்ந்திருக்கிறது.
வெட்டலாம் என்று காட்டுகிறது திரை.
நடு எழுத்துகளில் மட்டும்
பழைய சொல்லின் நிழல் ஏறியிருக்கிறது,
தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அவன் கிளம்பிவிட்டான்.
நெற்றிவிளக்கு மேட்டில் ஏறி
வளைவில் மறைந்து, மறுபடி ஒருமுறை தெரிகிறது.
இங்கிருந்து பார்த்தால்
ஒரு புள்ளி.

மடிக்கணினியைத் திறக்கிறேன்,
அந்த ஒரு வரியை எழுத.