ஒரு கை தூரம்

விதி ஒன்றுதான்:
படகைத் தொடக் கூடாது.
தவறி விரல் நுனி பட்டாலும்
கீத் தன் நோட்டில் நேரத்தைக் குறித்துவிட்டுப்
பேனாவை மூடிவிடுவார்.

போன ஆண்டு, ஒன்பதாம் மணி நேரத்தில்,
நான் தொட்டேன்.
தவறி அல்ல.
ஓடும் பேருந்தின் கம்பியைப் பற்றுவதுபோல
இரண்டு கையாலும்.
ஸ்காட்லாந்து அப்போது
மேயும் பசுக்களில் எது கறுப்பு எது செவலை என்று
சொல்லிவிடும் தூரத்தில் இருந்தது.

டொனகடீ திரும்பியதும்
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் ஏறிய
ஒரு பையன் மட்டும்
"குளிரா இருந்துச்சா மிஸ்?" என்றான்.
ஆமாம் என்றேன்.
"அப்போ சரி" என்று பின் இருக்கைக்குப் போய்விட்டான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க
பேருந்தை எடுக்கும் முன், ஐந்தரை மணி இருட்டில்,
துறைமுகச் சுவரோடு சுவராக நீந்தினேன்.
உருளைக்கிழங்காலும் வெண்ணெயாலும்
உடம்பில் எட்டு கிலோ ஏற்றினேன்.
கண்ணாடி முன் நின்று
'என்னால் முடியும்' என்று சொல்லச் சொன்னது
யாரோ கொடுத்த ஒரு புத்தகம்.
சொன்னேன்.
கண்ணாடியில் இருந்தவள்
பல் துலக்கப் போய்விட்டாள்.

ஆகஸ்ட். பதின்மூன்று டிகிரித் தண்ணீர்.
இரண்டாம் மணியில் முதல் ஜெல்லிமீன்.
சிங்கப் பிடரி என்று பெயர் வைத்தவன்
கரையில் நின்று பார்த்தவனாக இருக்க வேண்டும்.
உள்ளேயிருந்து பார்த்தால் அது
தீப்பிடித்த கூந்தல்;
கழுத்தில் விழுந்தது, உதட்டில், அக்குளில்.
கத்தினால் கடல் வாய்க்குள் வரும்.
கத்தாமல் இருப்பதையும்
நீந்தத்தான் வேண்டியிருந்தது.

அரை மணிக்கொரு தரம்
கயிறு கட்டிய புட்டியை வீசுவாள் ஐலிஷ்,
என் தங்கை.
வீசியதும் இரண்டு கைகளையும்
முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள்.
போன ஆண்டு நான் முதலில் தொட்டது
படகை அல்ல, அவள் கையை.
நீட்டியது யார், பற்றியது யார் என்று
ஓராண்டாக நாங்கள் பேசியதில்லை.
கீத் அதை எழுதவும் இல்லை.

பத்தாம் மணியில் நீரோட்டம் திரும்பியது.
ஒரு மணி நேரம் நீந்தினேன்.
கலங்கரை விளக்கம் அதே இடத்தில் நின்றது.
இன்னும் அரை மணி. அதே இடம்.
விரல்கள் விறைத்து விரிந்து
தண்ணீர் இடுக்குகளில் ஒழுகியது.
தன் கையே தனக்குதவி என்பவர்கள்
இந்தக் கைகளைப் பார்த்ததில்லை.

"பெயர்?" என்று குனிந்து கேட்டார் கீத்.
ப்ரோனா.
"உன் பேருந்து என்ன நிறம்?"
மஞ்சள். கதவு மட்டும் வேறு மஞ்சள்.
"கடைசி நிறுத்தம்?"
தேடினேன். ஒரு அலை போயிற்று, இன்னொன்று போயிற்று.
சர்ச்சைத் தாண்டி, பெட்ரோல் பங்க்குக்கு எதிரே,
அந்தப் பையன் இறங்குமிடம்.
ஊரின் பெயர் மட்டும் வரவில்லை.
கீத் எழுதினார்.
பேனா திறந்தே இருந்தது.

அப்போது நம்பிக்கை வந்ததா என்று
பிறகு பலர் கேட்டார்கள்.
அப்படி எதுவும் வந்ததாக ஞாபகம் இல்லை.
இடது கை வந்தது.
கொஞ்சம் தாமதித்து
வலது கையும் வந்தது.
அது வரும் என்று
எனக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

பதினான்காம் மணியில்
ஒரு பாறை.
கொட்டலசுகள் உள்ளங்கையைக் கிழித்தன.
வரவேற்க ஓர் ஆடு இருந்தது,
அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு.
நிற்க முடியாமல் தவழ்ந்து ஏறி
சிறிது நேரம் அழுதேன், மூக்கு ஒழுக.
பிறகு தண்ணீருக்குள் சரிந்து
படகுக்கு நீந்தினேன்.

ஐலிஷ் குனிந்து நின்றாள்,
கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால்.
"முடிஞ்சிருச்சுடி" என்றேன்.
நம்பாமல் கீத்தைப் பார்த்தாள்.
கீத் நேரத்தை எழுதினார்,
மறுபடி ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்தார்,
பேனாவை மூடினார்.

அதற்கப்புறம்தான்
கை கொடுத்தாள்.